மேலே ஒட்டியதை எடுக்கப் போய் அடித்தரையை இழந்த கதை



போன மாதம் ஊர் வீட்டுப் படம் ஒன்றைப் போட்டிருந்தேன். "சார், தரை என்ன கிராஃப் பேப்பர் மாதிரி இருக்கு?" என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள். அதற்கு நான் சிரிப்புப் படம் மட்டும் போட்டுவிட்டுப் போய்விட்டேன். உண்மையில் அது சிரிக்கிற விஷயம் இல்லை. இன்று விவரமாக எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்கிற பழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதானே.

எங்கள் ஊர் வீட்டில் தார்சா, பட்டாசல், உள்ளறை எல்லாமே சிவப்புக் காவித் தரை. அப்பா காலத்தில் போட்டது. இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: கீழே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுக் கெட்டித்த தளம். அதன்மேல் சிமெண்ட் பூச்சு. அது ஈரமாக இருக்கும்போதே, சிமெண்டும் காவிப்பொடியும் கலந்த மெல்லிய பூச்சைப் போட்டு, கரணையால் மணிக்கணக்கில் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். காவிப்பொடி என்பது இரும்பு ஆக்சைடு. நாம் துரு என்று சொல்கிற குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நிறமும் பளபளப்பும் இருப்பது மேலே சில மில்லிமீட்டருக்குள் மட்டும். அதற்குக் கீழே சாம்பல் நிற சிமெண்ட். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அம்மா வாரத்துக்கு ஒருமுறை துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைப்பாள். சித்திரை மாத மத்தியானத்தில் நாங்கள் பாய் கூட இல்லாமல் அந்தத் தரையில்தான் படுத்துக் கிடப்போம்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் தரையில் அங்கங்கே கீறல் விட்டது. அண்ணன் வீட்டில் ஒரு விசேஷம் வந்தது. "பார்க்க நல்லாயில்லை" என்று மரத்தின் நிறத்தில் வினைல் ஷீட் வாங்கி, பசை தடவி ஒட்டிவிட்டார்கள். ஒட்டச் சொன்னவர்களில் நானும் ஒருவன். அந்தப் பழியை அடுத்தவர்மேல் போட மாட்டேன்.

பழைய வீடுகளில் தரைக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கிற பிளாஸ்டிக் விரிப்பு கிடையாது. மண்ணில் இருக்கிற ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து, தரை வழியாக ஆவியாகிப் போகும். காவித் தரை அதற்கு வழி விடும். வினைல் விடாது. மேலே வந்த ஈரம் ஷீட்டுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். பசை இளகும், ஓரம் சுருளும், பூஞ்சை வாடை வரும். எங்கள் வீட்டில் மூன்றும் நடந்தன. கடைசியில், சுருண்டிருந்த ஓரத்தில் மதினியின் கால் மாட்டியது. விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தார்கள். எழுபது வயதுக்கு மேல் இடுப்பெலும்பில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. ஷீட்டை எடுத்தே ஆகவேண்டும் என்று அன்று முடிவானது.

எடுப்பது எப்படி என்பதில்தான் வீட்டில் கருத்து வேறுபாடு.

அண்ணன் மகன் சொன்னான்: "சித்தப்பா, இதைப் போய் உரிச்சுக்கிட்டு இருக்கணுமா? ஷீட்டை வெட்டி எடுத்துட்டு மேலேயே டைல்ஸ் ஒட்டிருவோம். அடியில என்ன இருந்தா நமக்கு என்ன?" வேலைக்கு ஆளையும் அவனே பேசிவிட்டான். ஓர் அறைக்கு இவ்வளவு என்று மொத்தக் கூலி. பட்டாசலில் இருந்து வேலை ஆரம்பம்.

நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது பட்டாசல் முடிந்திருந்தது. ஷீட் சுத்தமாகப் போயிருந்தது. ஆனால் தரை முழுக்க, ஒரு அடிக்கு ஒரு கோடு, நெடுக்கிலும் குறுக்கிலும். உரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று டைல்ஸ் வெட்டுகிற மெஷினால் ஷீட்டைச் சதுரம் சதுரமாக வெட்டியிருக்கிறார்கள். ஷீட்டின் கனம் 2 மில்லிமீட்டர். பிளேடு இறங்கியது அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. சிவப்பைத் தாண்டிச் சாம்பல் நிறம் தெரிகிறது. அப்பா நின்று தேய்க்க வைத்த தரை அரை நாளில் கிராஃப் பேப்பர் ஆகிவிட்டது.

இதில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரைமேல் ஒட்டிய மெல்லிய படலத்தை எடுக்க மெஷினை விடாதீர்கள். விட்டே தீரவேண்டும் என்றால், ஆழத்தைப் பூட்டி, ஒரு மூலையில் வெட்டிப் பார்த்துவிட்டு விடுங்கள். இந்த வேலையை மொத்தக் கூலிக்குப் பேசாதீர்கள். பழைய தரையை, அது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காமல் கைவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறேன்.

முதலில் மெஷின். கையில் பிடிக்கிற கிரைண்டருக்கு இவ்வளவுதான் இறங்கு என்று நிறுத்த எதுவும் கிடையாது. நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுழல்கிற பிளேடு, கை ஒரு மயிரிழை அசைந்தாலும் இறங்கிவிடும். சிமெண்டைத் தொட்டபிறகு சத்தம் மாறும். அந்தச் சத்தம் காதில் விழுகிறபோது கோடு விழுந்தாகிவிட்டது. மார்பிள் கட்டர் என்று நம்மூரில் சொல்கிற மெஷின் பரவாயில்லை. அதற்கு அடியில் ஒரு தட்டு உண்டு. திருகைத் தளர்த்தி, பிளேடு தட்டுக்குக் கீழே எவ்வளவு நீட்டலாம் என்று வைத்து முறுக்கிவிடலாம். பலர் அதைத் தொடுவதே இல்லை. முந்தின வீட்டில் கிரானைட் வெட்டியபோது வைத்த ஆழத்திலேயே அடுத்த வீட்டிலும் ஓட்டுகிறார்கள்.

ஆழத்தைச் சரியாக வைத்தாலும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. அது சுவரோரம். இதற்கு உங்கள் பத்தாம் வகுப்புக் கணக்கே போதும். பிளேடின் விட்டம் 110 மில்லிமீட்டர் என்று வையுங்கள், ஆரம் 55. அது தரைக்குள் 2 மில்லிமீட்டர் இறங்கினால், மையம் தரைக்கு மேலே 53-ல் இருக்கும். பிதாகரஸ் போடுங்கள்: 55-ன் வர்க்கம் 3025, 53-ன் வர்க்கம் 2809, வித்தியாசம் 216, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 14.7. அதாவது மையத்திலிருந்து முன்னால் 14.7 மில்லிமீட்டர் வரைதான் தரையில் வெட்டு விழும். ஆனால் பிளேடின் விளிம்பு 55 மில்லிமீட்டரிலேயே சுவரில் இடித்துவிடும். ஆகவே சுவருக்கு 40 மில்லிமீட்டர் முன்னாலேயே வெட்டு நின்றுவிடும்.

இப்போது வேலை செய்கிறவர் என்ன செய்வார்? மிச்சத்தையும் வெட்ட மெஷினை அழுத்துவார். சுவருக்கு 20 மில்லிமீட்டர் வரை போக வேண்டும் என்றால் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும்? இதே கணக்குதான். பாதி நாண் 35, அதன் வர்க்கம் 1225, 3025-லிருந்து கழித்தால் 1800, வர்க்கமூலம் 42.4. ஆழம் 55-ல் 42.4 போக, 12.6 மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டர் ஷீட்டுக்காகத் தரையில் பன்னிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இறங்க வேண்டும்! எங்கள் பட்டாசலில் சுவரோரம் எல்லாம் கோடுகள் பள்ளமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். நாற்பது வருஷம் கரும்பலகையில் போட்ட கணக்கைத் தரையில் பார்த்தேன். வட்டமான பிளேடால் சுவர் மூலையை வெட்ட முடியாது. அங்கே கைதான் போக வேண்டும்.

இன்னொன்று தூசி. சிமெண்டுத் தரையை உலர்வாக அரைத்தால் பறக்கிற தூசியில் சிலிக்கா உண்டு. வருஷக்கணக்கில் அதைச் சுவாசித்தால் நுரையீரல் கெட்டிப்படும். சிலிகோசிஸ் என்று பெயர். குணப்படுத்த மருந்து இல்லை. வேலைக்கு வந்த தம்பி மூக்கில் துண்டு மட்டும் கட்டியிருந்தார். துண்டு அந்தத் தூசியைத் தடுக்காது. ரொம்பப் பழைய வினைல் கட்டிகளிலும் பசையிலும் கல்நார் கலந்திருக்கக்கூடும். எந்தக் காலத்தது என்று தெரியாத பழைய கட்டியை உடைக்கவோ தேய்க்கவோ கூடாது.

அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபம் இல்லை. இதை அண்ணன் மகனுக்கும் சொன்னேன். நாம் பேசியது மொத்தக் கூலி. ஒரு நாளில் முடித்தால் அவருக்கு லாபம், நாலு நாள் ஆனால் நஷ்டம். "பார்த்துச் செய்யுங்க" என்று வாயால் சொல்லிவிட்டு, அவசரப்படுகிறவனுக்கு மட்டும் கட்டுப்படியாகிற கூலியைக் கொடுத்தால், தரையில் விழுந்த கோட்டில் பாதி நாம் போட்டது. இப்படிப்பட்ட வேலைக்கு நாள் கூலிதான் நியாயம். கூடுதலாக ஆகிற இரண்டு நாள் கூலியைத் தரையின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, வேறு எப்படிச் செய்வது? உள்ளறையை நாங்கள் கையால் செய்தோம். பக்கத்து ஊர் வயதான கொத்தனார் ஒருவரும், அதே மெஷின் தம்பியும், நானும். ஆமாம், அதே தம்பிதான். நாள் கூலிக்குக் கூப்பிட்டதும் சந்தோஷமாக வந்தார். செய்த விதத்தைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு உதவலாம்.

முதலில் அளந்தோம். பீரோவுக்கு அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், தீப்பெட்டி அளவுக்கு ஒரு துண்டை உரித்து எடுத்து, வெர்னியர் காலிப்பரில் மூன்று இடத்தில் அளந்தேன். 2 மில்லிமீட்டர்.

அடுத்து கத்தி. கடையில் கிடைக்கிற சாதாரணப் பேப்பர் கத்தி பிளேடை இரண்டு மரச்சில்லுகளுக்கு நடுவே வைத்து, ஒன்றரை மில்லிமீட்டர் மட்டும் வெளியே நீட்டும்படி இறுக்கிக் கட்டினார் கொத்தனார். எவ்வளவு அழுத்தினாலும் மரம் ஷீட்டில் முட்டிக்கொள்ளும். பிளேடு அதற்குமேல் இறங்காது. ஷீட் இரண்டு, பிளேடு ஒன்றரை. அரை மில்லிமீட்டர் வெட்டாமல் நிற்கும். அந்த அரை மில்லிமீட்டர்தான் தரைக்குக் காவல். "முழுசா வெட்டணும்னு நினைக்கிறவன்தான் சார் தரையை வெட்டுறான்" என்றார் அவர்.

அரை அடி அகலப் பட்டைகளாகக் கோடு போட்டோம். ஒரே அழுத்தில் வெட்டாமல் இரண்டு மூன்று முறை லேசாக இழுத்தோம். பிறகு, ஏற்கெனவே சுருண்டிருந்த வாசல் ஓரத்திலிருந்து ஆரம்பித்தோம். தலைமுடி உலர்த்துகிற டிரையரால் சூடு காட்டினால் வினைலும் இளகும், பசையும் இளகும். கை வைத்தால் பொறுக்கிற சூடு போதும். புகை வருகிற அளவுக்குச் சூடாக்கக் கூடாது. வினைல் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு என்கிற அமில வாயு வரும், கண்ணும் தொண்டையும் எரியும். இளகிய இடத்தில், பெயிண்டர்கள் பட்டி பார்க்கிற தகட்டைத் தரையோடு படுக்கையாக வைத்து உள்ளே தள்ளினோம். நிமிர்த்திப் பிடித்தால் தகட்டின் முனை தரையைக் கீறும். படுக்க வைத்தால் கீறாது. தகட்டின் கூர்மையான இரண்டு மூலைகளையும் முதலிலேயே அரம் வைத்து மழுக்கிவிட்டோம்.

எழும்பிய பகுதியை வெட்டுக்கோட்டில் மடக்கினால் மிச்சமிருந்த அரை மில்லிமீட்டர் பெரும்பாலும் தானாகக் கிழிந்து வந்தது. வராத இடத்தில், அடியில் தகட்டைச் செருகி வைத்து அதன்மேல் வெட்டினோம். கொக்கி மாதிரி வளைந்த பிளேடு கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் கூர்மை வளைவின் உள்பக்கம் இருப்பதால், ஷீட்டை அடியிலிருந்து மாட்டி மேல்நோக்கி இழுத்து அறுக்கும். முதுகுதான் தரையில் படும்.

கடைசியில் பசை. தண்ணீரில் கரைகிற பசை என்றால் வெந்நீரும் சோப்பும் போதும். எங்களுடையது மஞ்சள் நிற ரப்பர் பசை. டர்பண்டைன் நனைத்த துணியைக் கால்மணி நேரம் போட்டு வைத்து, பழைய பிளாஸ்டிக் ஸ்கேலால் வழித்தோம். ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். பக்கத்தில் அடுப்பு, பீடி, ஊதுவத்தி எதுவும் கூடாது. முதலில் மூலையில் சோதித்துப் பார்க்க வேண்டும். ஒருபோதும் ஆசிட் ஊற்றாதீர்கள். டைல்ஸ் கறைக்கு ஊற்றுகிற அதே ஆசிட் சிமெண்டைத் தின்றுவிடும். பசையோடு சிவப்பும் போய்விடும்.

பன்னிரண்டுக்குப் பத்தடி அறைக்கு நாலு நாள் ஆனது. முட்டி வலிக்காக இரண்டு நாள் தைலம் தேய்த்தேன். நாலாம் நாள் சாயங்காலம் தரையைத் தண்ணீர் விட்டுக் கழுவியதும், அந்தச் சிவப்பு அப்படியே எழுந்து வந்தது. பழைய கீறல்கள் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. புதுக் கோடு ஒன்றுகூட இல்லை. மதினி கட்டுப் போட்ட கையோடு வந்து நிலைப்படியில் நின்று பார்த்துவிட்டு, "அத்தை துடைச்ச தரை மாதிரியே இருக்கு" என்றார். அதற்குமேல் யாரும் எதுவும் பேசவில்லை.

எல்லாத் தரையையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் வாதாடவில்லை. ஒரு கம்பால் தரையைத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் பிடிப்பு இருக்கிறது. டொக் டொக்கென்று பொய்ச் சத்தம் வந்தால் மேல்பூச்சு கீழ்த்தளத்தை விட்டுவிட்டது என்று அர்த்தம். பாதி அறைக்கு மேல் அப்படிக் கேட்டால், பாசத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பெயர்த்துப் புதுசாகப் போடுவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் நல்ல தரைமேல் டைல்ஸ் ஒட்டும்போது, தரை மட்டம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரும், கதவின் அடியை அறுக்க வேண்டி வரும், அறைக்கு அறை புதிய தடுக்கல் உண்டாகும் என்பதையும் கணக்கில் சேருங்கள். தடுக்கலை ஒழிக்கத்தானே வேலையை ஆரம்பித்தோம்? தரை பிடிக்கவில்லை என்றால் பாயோ ஜமுக்காளமோ விரியுங்கள். ஒட்டாதீர்கள். ஒட்டியதை எடுப்பது எவ்வளவு பாடு என்று இப்போது தெரிகிறதல்லவா?

இன்னும் ஒன்று. எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து யோசித்துத்தான் எழுதுகிறேன்.

உள்ளறையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்த நாலு நாளும் ஒரு பையனின் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. எந்த வருஷம், எந்த வகுப்பு என்று சொல்ல மாட்டேன். வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதியிருந்தான். பார்த்து எழுதுகிற பழக்கத்தை நிறுத்தவேண்டும் என்பதுதான் என் எண்ணம், அது தப்பில்லை. ஆனால் அறுபது பேர் முன்னால் நிறுத்தி, அவன் அப்பாவின் தொழிலையும் சேர்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். அதன்பிறகு அவன் பார்த்து எழுதவில்லை. என் வகுப்பில் கையைத் தூக்கிக் கேள்வி கேட்பதையும் நிறுத்திவிட்டான். எனக்கும் நாற்பது நிமிஷத்தில் முடிக்க வேண்டிய பாடம் இருந்தது, அவசரம் இருந்தது. காரணம் சொல்ல முடியும். கோடு அழியாது.

அவன் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் ஒருவன் என்று எனக்குத் தெரியும். தம்பி, அன்று நான் சொன்னது தப்பு. இதை அன்றே அந்த அறுபது பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். இப்போது இங்கே சொல்கிறேன்.

பட்டாசல் கோடுகளைக் காவியும் சிமெண்டும் வைத்து அடைக்கலாம் என்கிறார் கொத்தனார். நிறம் சரியாகச் சேராது, புதுச் சிவப்பு தனியாகத் தெரியும் என்பதையும் அவரே சொன்னார். தெரியட்டும், கால் இடறாமல் இருந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன். தார்சாவில் ஷீட் இன்னும் எடுக்கவில்லை. பொங்கல் கழிந்து ஆரம்பிக்கிறோம். அண்ணன் மகன் இந்தமுறை தானும் உட்கார்ந்து உரிப்பதாகச் சொல்லியிருக்கிறான். வெர்னியர் காலிப்பர் அவன் கையில்.

உங்கள் ஊர் வீடுகளில் காவித் தரை இருந்தால் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். மேலே ஏதாவது ஒட்டியிருந்தால், ஒரு மூலையை மட்டும் மெதுவாகத் தூக்கி அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதன்பிறகு ஆளைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்